பாதியில் தேயும் சத்தம்: ஒரு கிட்டார் ஆம்பின் எஃபெக்ட்ஸ் லூப் ரிப்பேர்

நவம்பர் கடைசியில் ஒரு தம்பி ஆட்டோவில் ஆம்பை ஏற்றிக்கொண்டு வந்தார். காசிமேடு பக்கம் ஒரு சர்ச்சில் கிட்டார் வாசிக்கிறவர். 50 வாட் வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப், 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு. இரண்டு பேர் பிடித்துத்தான் மாடிக்குத் தூக்கினோம்.

"அண்ணா, வாசிச்சிட்டே இருக்கும்போது சத்தம் பாதியா இறங்கிடுது. பலமா ஒரு கார்டு அடிச்சா கரகரன்னு திரும்ப வந்துடுது. கொஞ்ச நேரத்துல மறுபடி இறங்கிடுது. கேரல் சர்வீஸுக்குள்ள சரி பண்ணிடலாமா?"

ஏற்கெனவே வேறொரு இடத்தில் காட்டியிருக்கிறார். வால்வு போய்விட்டது என்று சொல்லி, பவர் வால்வு இரண்டையும் ப்ரீஆம்ப் வால்வு மூன்றையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மாதச் சம்பளத்தில் பெரிய பங்கு அதற்கே போய்விட்டது. கோளாறு மட்டும் அப்படியே இருந்தது. அதைக் கேட்டபோது மனது கஷ்டமாக இருந்தது. ஏனென்றால், இந்த மாதிரி சத்தம் இறங்குகிற ஆம்புகளில் முதலில் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்க இரண்டு முனையிலும் பின் உள்ள, அரையடி நீள பேட்ச் கேபிள் ஒன்று போதும்.

பெரும்பாலான ஆம்புகளில் பின்பக்கம் சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஜாக் இருக்கும். ஆம்பின் முன்பாதியான ப்ரீஆம்பிலிருந்து வரும் சிக்னல் சென்ட் வழியாக வெளியே போய், டிலே, ரிவெர்ப் போன்ற பெடல்களைச் சுற்றிவிட்டு ரிட்டர்ன் வழியாக, ஸ்பீக்கரை ஓட்டும் பின்பாதியான பவர் ஆம்புக்குள் நுழையும். இதுதான் எஃபெக்ட்ஸ் லூப். பெடல் எதுவும் மாட்டவில்லை என்றால் சிக்னல் எப்படிப் போகும்? ரிட்டர்ன் ஜாக்குக்குள்ளே மெல்லிய உலோகத் தகடு ஒன்று இருக்கிறது. கேபிளின் பின்னைச் செருகாதபோது, ஜாக்கின் முனைத் தகடு அதன்மேல் அழுத்திக்கொண்டு நிற்கும். சென்ட்டிலிருந்து வரும் ஒயர் அந்தத் தகட்டில் பற்ற வைக்கப்பட்டிருக்கும். பின்னைச் செருகினால் முனைத் தகடு தூக்கிக்கொள்ளும், இணைப்பு விட்டுப்போகும். எடுத்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

ஆக, லூப்பை நாம் வாழ்நாளில் தொடவே இல்லை என்றாலும், வாசிக்கிற ஒவ்வொரு சுரமும் அந்தச் சிறு தகட்டைத் தாண்டித்தான் ஸ்பீக்கருக்குப் போகிறது. தொடாமல் விடுவதுதான் அதற்குக் கெடுதல். பின்னைச் செருகி எடுக்கும்போது தகடுகள் ஒன்றையொன்று உரசித் தம்மைத் துடைத்துக்கொள்ளும். வருடக்கணக்கில் செருகாமல் விட்டால் மேலே மெல்லிய படலம் படிந்துவிடும். தம்பியின் சர்ச் கடலிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கிறது. உப்புக் காற்று ஜன்னல் கம்பியையே தின்கிற இடம், இந்தத் தகட்டை விடுமா?

"பலமா அடிச்சா திரும்ப வந்துடுது" என்று அவர் சொன்னது இங்கேதான் பொருந்துகிறது. லூப்பில் போகும் சிக்னல் மிகச் சிறியது, பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்குக் கீழே. விளக்கு சுவிட்சில் 230 வோல்ட் பாயும்போது படலம் தானாகவே உடைந்துவிடும். இங்கே அந்த பலம் கிடையாது. மெல்ல வாசித்தால் படலம் தடுக்கிறது. ஓங்கி அடித்தால் எங்கோ ஓர் ஓட்டை விழுந்து சிக்னல் கரகரவென்று உள்ளே வருகிறது. கொஞ்ச நேரத்தில் அதுவும் அடைத்துக்கொள்கிறது.

சரி, சோதித்துப் பார்த்தோம். ஆம்பை ஓடவிட்டு, சத்தம் இறங்குகிறவரை அவரை வாசிக்கச் சொன்னேன். பத்து நிமிடத்தில் இறங்கியது. வால்யூமைக் குறைத்துவிட்டு, நன்றாக இருக்கிற ஒரு பேட்ச் கேபிளின் ஒரு முனையை சென்ட்டிலும் மறுமுனையை ரிட்டர்னிலும் மாட்டினேன். இப்போது சிக்னல் அந்தத் தகட்டை விட்டுவிட்டு கேபிள் வழியாகச் சுற்றிப் போகும். மறுபடி வாசித்தார். சத்தம் முழுசாக, அறை நிறைய வந்தது. கேபிளைப் பிடுங்கினோம். பிடுங்கிய உரசலில் கொஞ்ச நேரம் நன்றாக இருந்தது, பிறகு இறங்கியது. மாட்டினால் சரி, எடுத்தால் தகராறு என்பது மூன்று முறை செய்தும் மாறவில்லை.

ஒரு எச்சரிக்கை. சில ஆம்புகளில் லூப்புக்குப் பக்கத்தில் மிக்ஸ் என்று ஒரு திருகு இருக்கும். அவற்றில் அசல் சிக்னல் உள்ளே தனியாக ஓடிக்கொண்டே இருக்கும், லூப்பில் போய் வருவது அதோடு கலக்கும். அந்த வகையில் இந்தச் சோதனை குழப்பிவிடும். இரண்டும் எதிரெதிர் கட்டத்தில் கலந்தால் ஒன்றையொன்று தின்று சத்தம் மெலிந்தும் போகலாம். மிக்ஸை முழுவதும் திருப்பி, லூப் சிக்னல் மட்டும் வரும்படி வைத்துக்கொண்டு சோதிக்க வேண்டும். தம்பியின் ஆம்பில் அந்தத் திருகு இல்லை. நேரான தொடர் லூப், சிக்னல் முழுவதும் லூப் வழியாகவே போகும்.

ஜாக்கைச் சுத்தம் செய்ய சேஸியை, அதாவது சர்க்யூட் இருக்கும் உலோகப் பெட்டியை, கழற்றினேன். வால்வு ஆம்பைத் திறக்கிறவர்கள் இந்த இடத்தில் நிதானமாக இருக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் போதாது. உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். இந்த ஆம்பில் ஓடும்போது 430 வோல்ட். பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் கழித்து அளந்தபோதும் 90 வோல்ட் நின்றது. 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றில் இரண்டு பக்கமும் உறை போட்ட கிளிப் ஒயர் வைத்திருக்கிறேன். அதை கெபாசிட்டருக்கும் சேஸிக்கும் நடுவே மாட்டி, சில விநாடி வைத்திருந்து, மீட்டரில் 1 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் விரலை வைத்தேன். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து பழகியவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

ஜாக்கின் தகட்டுக்கும் முனைக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். 40 ஓம், 3 கிலோ ஓம், மறுபடி 700 ஓம் என்று எண் ஓரிடத்தில் நிற்கவில்லை. நல்ல காண்டாக்ட் என்றால் அரை ஓம்கூடக் காட்டக் கூடாது. கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு, பின்னை இருபது முறை செருகி எடுத்தேன். அப்புறம் கெட்டி அட்டையில் மெல்லிய துண்டு வெட்டி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, இரண்டு தகடுகளுக்கு நடுவே விட்டு இழுத்தேன். அட்டையில் கறுப்பாக ஒரு கோடு வந்தது. நாலாவது துண்டு வெள்ளையாகவே வெளியே வந்தது. மீட்டர் 0.2 ஓமில் அசையாமல் நின்றது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவில்லை. மேல் பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் இதைவிட மோசமாகக் கறுத்துவிடும்.

மூடி, கால் மணி நேரம் வாசித்துப் பார்த்து, கொடுத்து அனுப்பினேன். அந்தக் கால் மணி நேரம் போதாது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது ஞாயிறு மதியம் போன் வந்தது. "அண்ணா, திரும்ப அதே மாதிரி ஆயிடுச்சு."

அதே மாதிரி என்று அவர் சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். சுத்தம் செய்தது பத்தவில்லை, ஜாக்கையே மாற்ற வேண்டும் என்று முடிவு கட்டி, ரிச்சி ஸ்ட்ரீட் போய் சுவிட்ச் உள்ள கால் அங்குல ஜாக் வாங்கி வந்துவிட்டேன். ஆம்ப் வந்து, முழுதாக ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் புரிந்தது, இது அதே கோளாறு இல்லை.

முன்பு சத்தம் சட்டென்று இறங்கும், கரகரவென்று ஏறும். இப்போது தொண்டை அடைக்கிற மாதிரி, அரை விநாடியில் நசுங்கித் தேய்ந்து, மெல்லிய கீச்சல் மட்டும் மிஞ்சியது. ஓங்கி அடித்தாலும் திரும்பவில்லை. ஒன்றிரண்டு நிமிடம் கழித்துத் தானாக வந்தது. நாலைந்து நிமிடம் நன்றாக ஓடியது. மறுபடி தேய்ந்தது. ஆம்ப் போட்ட முதல் இருபது நிமிடம் ஒன்றுமே இல்லை, அதனால்தான் என் கால் மணி நேரச் சோதனையில் இது சிக்கவில்லை. பேட்ச் கேபிளை மாட்டினேன். எந்த வித்தியாசமும் இல்லை. ஆக ஜாக் நிரபராதி. புது ஜாக்கை மேஜை மூலையில் வைத்துவிட்டேன்.

பேட்ச் கேபிள் சோதனை தகட்டைப் பற்றி மட்டும்தான் சொல்லும். லூப் இருப்பதால் இன்னொரு வசதி உண்டு: ஆம்பை நடுவில் இரண்டாக வெட்டிப் பார்க்கலாம். சென்ட்டிலிருந்து கேபிள் எடுத்து வேறொரு சின்ன ஆம்பில் கொடுத்தால் முன்பாதி மட்டும் கேட்கும். போனிலிருந்து குறைந்த வால்யூமில் ஒரு பாட்டை ரிட்டர்னில் கொடுத்தால் பின்பாதி மட்டும் ஓடும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தேன். தேயும் நேரம் வந்தது. சின்ன ஆம்பில் கிட்டார் தேய்ந்தது. பெரிய ஆம்பில் பாட்டும் அதே கணத்தில் தேய்ந்தது.

முன்பாதியும் கெட்டு பின்பாதியும் கெட்டு, இரண்டும் ஒரே விநாடியில் என்றால், இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்றுதான் போகிறது. வால்வுகளுக்கான சப்ளையாக இருக்கலாமா என்று பார்த்தால் 430 வோல்ட் அசையவே இல்லை. இந்த ஆம்பில் லூப்புக்கு வால்வு கிடையாது. டிஎல்072 என்ற எட்டுக் கால் ஐசி ஒன்று இருக்கிறது. அதற்குள் இரண்டு ஆப்-ஆம்ப், அதாவது சிக்னலைப் பெரிதாக்கும் சுற்று. ஒன்று சென்ட்டை ஓட்டுகிறது, இன்னொன்று ரிட்டர்னில் வருவதைத் தூக்கிக் கொடுக்கிறது.

ஐசி போயிருக்கும், மாற்றிவிடலாம் என்றுதான் கை பரபரத்தது. ஆனால் ஐசியைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் அதற்குச் சாப்பாடு ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். டிஎல்072க்கு எட்டாவது காலில் பிளஸ், நாலாவது காலில் மைனஸ். இந்த ஆம்பில் இரண்டும் 15 வோல்ட். மீட்டரின் கறுப்பு முனையைச் சேஸியில் கிளிப் போட்டுவிட்டு, ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, சிவப்பு முனையை எட்டாவது காலில் வைத்துக் காத்திருந்தேன். 15.1 வோல்ட். பதினெட்டு நிமிடம் 15.1 தான். அப்புறம் எண் சரசரவென்று இறங்கியது. பூஜ்யத்தில்கூட நிற்கவில்லை, மைனஸ் 0.6 என்று காட்டியது. அதே கணம் பாட்டு நசுங்கியது. நாலாவது காலில் மைனஸ் 15.1 அப்படியே இருந்தது.

அந்த மைனஸ் 0.6ஐப் பார்த்ததும் நிம்மதி வந்தது, ஏனென்றால் அது ஒரு கதையைச் சொல்கிறது. ஷார்ட் ஆகியிருந்தால் பூஜ்யம் காட்டியிருக்கும். மைனஸுக்குப் போகிறது என்றால், பிளஸ் பக்கம் எதுவும் வராமல் அறுந்து தொங்குகிறது, ஐசி தன் மைனஸ் சப்ளையால் அதைக் கீழே இழுக்கிறது, 15 வோல்ட்டைப் பிடித்து நிறுத்தும் ஜீனர் டயோடு தலைகீழாகச் சாதாரண டயோடு போல ஓடி 0.6இல் தடுத்து நிறுத்துகிறது. அரை விநாடி தேய்வதற்கும் காரணம் கிடைத்தது: அந்த லைனில் 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று இருக்கிறது. டிஎல்072 இழுக்கும் சுமார் 3 மில்லி ஆம்பியரில் அது வடிந்து தீர அவ்வளவு நேரம்தான் ஆகும்.

பிளஸ் 15 எங்கிருந்து வருகிறது? டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் ஏசி டிசியாக மாறி 42 வோல்ட்டாக நிற்கிறது. அங்கிருந்து 680 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக இறங்கி ஜீனருக்கு வருகிறது. மைனஸுக்கும் அதே மாதிரி ஒன்று. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த ரெசிஸ்டரில் 27 வோல்ட் விழுகிறது, 40 மில்லி ஆம்பியர் ஓடுகிறது, அதாவது 1 வாட்டுக்கும் சற்று மேல் சூடு. போர்டோடு ஒட்டிப் படுக்க வைத்திருக்கிற ரெசிஸ்டருக்கு இது அதிகம். அதைச் சுற்றிப் போர்டு தேன் நிறத்துக்குக் கருகியிருந்தது.

மின்சாரத்தை எடுத்து, கெபாசிட்டரை வடித்து, போர்டைத் திருப்பி, பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பார்த்தேன். மற்ற இடங்களில் ஈயம் சின்னக் கூம்பாக, பளபளவென்று காலோடு இழைந்திருந்தது. 680 ஓமின் ஒரு காலில் மட்டும் மங்கலாக, சாம்பல் பூத்த மாதிரி. காலைச் சுற்றி ஒரு மயிரிழை வட்டம். பென்சிலால் கோடு போட்ட மாதிரி மெல்லியது, சாய்த்துப் பிடித்து விளக்கை ஒரு பக்கமாக அடித்தால்தான் தெரிகிறது. மறுபக்கம் ரெசிஸ்டரை மரக்குச்சியால் தொட்டால் கால் அந்த வட்டத்துக்குள்ளே ஆடியது. டிவி மெக்கானிக்குகள் காலம்காலமாக டிரை சால்டர் என்று சொல்வது இதைத்தான்.

ரெசிஸ்டர் சூடாகிறது, கால் நீள்கிறது, விரிசல் பிரிகிறது, சப்ளை அறுகிறது. அறுந்ததும் மின்சாரம் ஓடாததால் ரெசிஸ்டர் ஆறுகிறது, கால் சுருங்கி மறுபடி ஒட்டுகிறது, சத்தம் வருகிறது, மறுபடி சூடாகிறது. நாலைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தேய்ந்த கணக்கு இதுதான்.

மேலே கொஞ்சம் ஈயத்தை வைத்து உருக்கிவிட்டால் அன்றைக்கு ஓடும். ஆனால் பழைய ஈயத்தில் அழுக்கு கலந்திருக்கிறது, சூடும் அப்படியே இருக்கிறது, இன்னும் ஒரு வருடத்தில் இதே வட்டம் திரும்ப வரும். பழைய ஈயத்தை விக் என்ற செம்புப் பின்னலை வைத்து முழுவதும் உறிஞ்சி எடுத்தேன். போர்டின் செம்புத் தடத்தை ஆல்கஹாலில் துடைத்தேன். அதே 680 ஓமில் 5 வாட் ரெசிஸ்டர் இரண்டு எடுத்து, பிளஸ், மைனஸ் இரண்டு பக்கமும் மாற்றினேன். மைனஸ் பக்கம் இன்னும் விரிசல் விடவில்லை, ஆனால் அதே சூடு, அதே வயது. போர்டைத் தொடாமல் கால் அங்குலம் தூக்கி நிறுத்தினேன், அடியில் காற்று ஓடட்டும் என்று. காலைத் தடத்தின் மேல் கொஞ்சம் மடக்கிவிட்டு 60/40 ஈயம் (வெள்ளீயம் 60, காரீயம் 40) வைத்தேன். ஐசியைத் தொடவே இல்லை. அது நன்றாகவே இருந்தது. வாங்கி வந்த ஜாக்கை மட்டும், போர்டு வெளியே இருக்கும்போதே மாற்றிவிட்டேன். பழைய ஜாக்கின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது.

இந்த முறை இரண்டரை மணி நேரம் ஓடவிட்டேன். போனில் 200 ஹெர்ட்ஸ் டோன் வைத்து இன்புட்டில் கொடுத்து, சென்ட்டில் ஏசி வோல்ட் அளந்தேன். சாதாரண மீட்டர்கள் பல, சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் ஏசியைச் சரியாக அளக்காது, அதனால்தான் கீழ் ஸ்தாயி. அரை மணிக்கு ஒரு தடவை எழுதிவைத்தேன்: 0.31, 0.31, 0.31, 0.30, 0.31. பிளஸ் 15.1, மைனஸ் 15.1. சேஸியை மரக்கைப்பிடியால் தட்டியும் பார்த்தேன், எண் அசையவில்லை.

கேரல் சர்வீஸுக்கு முந்தின நாள் இரவு ஒன்பதரைக்குப் போன். புதிதாக வாங்கிய டிலே பெடலை லூப்பில் மாட்டினால் சத்தம் உடைகிறதாம். குரலில் பதற்றம். எனக்கும் ஒரு நொடி வயிறு கலங்கியது.

"பின்னாடி ரிட்டர்ன் பக்கத்துல ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும் தம்பி. எந்தப் பக்கம் இருக்கு?"

"பிளஸ் 4ல இருக்குண்ணா."

"மைனஸ் 10க்குத் தள்ளுங்க."

பிளஸ் 4 என்பது டெசிபல் கணக்கில் ஸ்டூடியோ ரேக் கருவிகளுக்கான அளவு, சுமார் 1.23 வோல்ட். மைனஸ் 10 என்றால் 0.32 வோல்ட். 9 வோல்ட்டில் ஓடும் தரைப் பெடலுக்கு இதுதான் தாங்கும். பிளஸ் 4இல் சாதாரண அளவே 1.23 வோல்ட் என்றால், ஓங்கி அடிக்கும் முதல் கணத்தில் சிக்னல் அதைப்போலப் பல மடங்கு எகிறும். போனைக் கீழே வைக்காமலே தள்ளினார், ஒரு கார்டு அடித்தார், டிலே தெளிவாகப் படிப்படியாக அடங்குவது போனிலேயே கேட்டது.

இப்போது அந்த டிலே பெடல் லூப்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ரிகர்சல் முடிந்ததும் ரிட்டர்ன் பின்னை ஐந்தாறு முறை செருகி எடுத்துவிட்டுத்தான் ஆம்புக்கு உறை போடுகிறாராம்.